கடல் காற்று நீங்கலாக

"இந்த யூனிட்ல வெளி ஆள் யாராவது கை வெச்சாங்களா சார்?"

ஏ.சி. கம்பெனியிலிருந்து வந்திருந்த இளைஞர் கேட்டார். ஸ்டூல் மேல் ஏறி, கையில் டார்ச்சுடன் பால்கனிக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இல்லையே!" என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு அரை விநாடிகூட ஆகவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் மறந்துபோனாலும் கூப்பிட்டு டிக்கெட் வாங்குகிற ஆசாமி நான். கடைக்காரர் தெரியாமல் அதிகமாகக் கொடுத்த பத்து ரூபாயை நடந்துபோய்த் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். (அதை நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.) அப்படிப்பட்டவன் வாயிலிருந்து இவ்வளவு சரளமாக ஒரு பொய் எப்படி வந்தது? இந்த வாரம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் முன்கதை.

நாங்கள் இருப்பது திருவான்மியூரில், கடலுக்கு மூன்று தெரு தள்ளி. "பீச் பக்கத்துலயா? குடுத்து வெச்சவங்க!" என்பார்கள். கடல் காற்று தனியாக வருவதில்லை, உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், சைக்கிள் செயின், ஃப்ரிட்ஜின் கால்... எதைத் தொட்டாலும் கையில் துரு ஒட்டும்.

இதில் அதிகம் அடிபடுவது ஏ.சி.யின் வெளி யூனிட். அதற்குள் தாமிரக் குழாய்கள். குழாயைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி அலுமினியத் தகடுகள். அறையிலிருந்து எடுத்த சூட்டை வெளியே கொட்டுவது இவற்றின் வேலை. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒட்டிக்கொண்டு நிற்க, நடுவில் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. பள்ளிக்கூட லேபில் பார்த்த அதே சமாசாரம்தான். இந்த பேட்டரியில் கரைவது அலுமினியம். வெள்ளைப் பொடியாக உதிரும். உதிர உதிர, சூடு வெளியேற வழியில்லாமல் கம்ப்ரஸருக்கு மூச்சு வாங்கும்.

தாமிரமும் தப்புவதில்லை. ஈரக் காற்றில் கலந்திருக்கும் சிலவகை அமிலங்கள் குழாய்ச் சுவரில் கிளை கிளையாக நுண்ணிய சுரங்கங்களைத் தோண்டுகின்றன. இன்ஜினீயர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'எறும்புப் புற்று அரிப்பு'தான். சாக்கடை வாயுவும் தாமிரத்துக்கு ஆகாது. கால்வாய் ஓரத்தில் வீடு இருப்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். புற்று குழாயின் மறுபக்கம் திறந்துகொண்டால் போச்சு, உள்ளே இருக்கிற கேஸ் சத்தமில்லாமல் கிளம்பிவிடும்.

போன அக்னி நட்சத்திரத்தில், ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் கிளம்பிவிட்டது.

அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இதயம் பலவீனம். புழுக்கம் ஏறினால் மூச்சுத் திணறும். கம்பெனிக்குப் போன் செய்தேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது' என்று இருபது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண், "சம்மர் ரஷ் சார். நாலு நாள்ல டெக்னீஷியன் விசிட் பண்ணுவாங்க" என்று புகார் எண் கொடுத்தார். 2003 மே 31-ஆம் தேதி சென்னையில் 45 டிகிரி அடித்தது, நினைவிருக்கிறதா? அன்று எங்கள் வீட்டில் ஃபேன் மட்டும்தான். அம்மா ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சமையலே செய்தார். அன்று அறுபது வயது. இன்று அது நடக்காது.

தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு வந்தார். சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தார். ஒரு நட்டை இறுக்கி, டேப் சுற்றி, கேஸ் நிரப்பினார். மூவாயிரம் ரூபாய். பன்னிரண்டு மணிக்கு அம்மா தூங்கினார்.

மூன்று வாரம் ஓடியது. மறுபடியும் கேஸ் இல்லை. இந்த முறை கம்பெனி ஆளே வந்துவிட்டார். ஏ.சி. வாங்கி மூன்றரை வருஷம். வெளி யூனிட் காயிலுக்கு ஐந்து வருஷ வாரண்டி. வெளி ஆள் தொட்டால் வாரண்டி போய்விடும் என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான், "இல்லையே!"

இளைஞர் ஸ்டூலை விட்டு இறங்கினார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"லீக் காயில்லதான் சார். வளைவுல ஆயில் கசிஞ்சிருக்கு. ஆனா வால்வு பக்கம் டேப் புதுசா இருக்கு. நட்டுல ஸ்பேனர் பட்ட இடம் பளபளன்னு இருக்கு."

நான் பேசவில்லை.

"நீங்க இல்லன்னு சொன்னா இல்லன்னே எழுதிக்கிறேன் சார். போட்டோ அனுப்பணும். ஆபீஸ்ல கண்டுபிடிச்சா நான் சரியா பார்க்கலைன்னு இந்த காலுக்குக் காசு வராது. அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா வராதா என்கிற மாதிரி சொன்னார். அப்போது உள்ளே கட்டிலிலிருந்து அம்மாவின் குரல்.

"யாருப்பா அது? அன்னிக்கு ராத்திரி வந்து கேஸ் ரொப்பினானே, அந்தத் தம்பியா? ஒரு டம்ளர் மோர் குடு. புண்ணியவான், அவன் வரலேன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்."

இளைஞர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. "சாரி தம்பி, நடந்ததை எழுதுங்க" என்றேன். எழுதினார். மோர் குடித்துவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் கம்பெனியின் பதில் வந்தது. இரண்டு காரணங்களால் இலவச மாற்று கிடையாது. ஒன்று, அங்கீகாரம் இல்லாத நபர் கை வைத்தது. இரண்டு, உப்புக் காற்று போன்ற சுற்றுச்சூழல் காரணங்களால் வரும் அரிப்பு வாரண்டியில் அடங்காது.

அப்போதுதான், மூன்றரை வருஷத்தில் முதல்முறையாக, வாரண்டி புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நீங்களும் படித்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வாக்குறுதி. அடுத்த மூன்று பக்கங்களில், கடுகு சைஸ் எழுத்தில், அந்த வாக்குறுதி எப்போதெல்லாம் செல்லாது என்ற பட்டியல். மின் அழுத்தம் ஏறி இறங்கினால் செல்லாது. வெள்ளம், புயல், இடி என்றால் செல்லாது. எலி கடித்தால் செல்லாது. பில் இல்லாவிட்டால் செல்லாது. உப்புக் காற்று என்றால் செல்லாது.

இந்த ஏ.சி.யை நான் ஊட்டியில் வாங்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் வாங்கினேன். டெலிவரிக்கு வந்தவர்கள் வேலை முடிந்ததும் பீச்சில் போய்க் காற்று வாங்கிவிட்டுத்தான் வேனில் ஏறினார்கள். கடலோரத்தில் விற்கும் பொருளுக்குக் கடல் காற்று நீங்கலாக உத்தரவாதம் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? 'சாப்பிடும் நேரம் தவிர மற்ற நேரங்களில் பசி தீர்க்கும்' என்று மெஸ் வாசலில் போர்டு வைக்கிற மாதிரி!

வாரண்டி என்பது நம் காலத்துச் சமாசாரம் இல்லை. பாபிலோனில் ஹம்முராபி என்ற ராஜா, சுமார் 3,750 வருஷங்களுக்கு முன்னால் சட்டங்களைக் கல்லில் வெட்டிவைத்தார். அந்தக் கல் இன்று பாரிஸ் லூவர் மியூசியத்தில் நிற்கிறது. அதில் படகு கட்டுகிறவருக்கு ஒரு சட்டம். கட்டிக் கொடுத்த படகு அதே வருஷத்தில் பழுதானால், கட்டியவர் தன் செலவில் பிரித்துச் சரிசெய்து தரவேண்டும். அதாவது, ஒரு வருஷ வாரண்டி! 'படகு தண்ணீரில் மிதப்பதால் ஏற்படும் சேதங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்ற வரி அந்தச் சட்டத்தில் இல்லை. கல்லில் வெட்டும்போது கடுகு எழுத்து சாத்தியமில்லையோ என்னவோ.

சரி, கம்பெனியைத் திட்டியாயிற்று. அது சுலபம். கஷ்டமான கேள்வி இனிமேல்தான். நேர்மையில்லாத வாக்குறுதி கொடுத்தவனிடம் நான் பொய் சொன்னால் அது தப்பா?

நண்பர்களிடம் கேட்டேன். பத்தில் எட்டுப் பேர் "இதெல்லாம் ஒரு தப்பா சார்?" என்றார்கள். அவர்கள் சொன்ன நியாயங்கள் மூன்று. மூன்றும் என் மனசிலும் ஏற்கெனவே இருந்தவைதான்.

முதல் நியாயம்: கம்பெனிக்கு முகம் கிடையாது. கோடி கோடியாகச் சம்பாதிக்கிறது. என் ஒரு பொய்யால் அதற்கு என்ன வலிக்கப்போகிறது? உண்மைதான், கம்பெனிக்கு வலிக்காது. ஆனால், கம்பெனி என் வீட்டு ஸ்டூலில் ஏறவில்லை. ஏறியவருக்கு முகம் இருந்தது. 'காலுக்கு' இத்தனை ரூபாய் என்ற கணக்கு இருந்தது. பெரிய இடத்தை ஏமாற்றுவதாக நினைத்து நாம் சொல்லும் பொய்யின் பில், பெரும்பாலும் நடுவில் நிற்கும் சின்ன மனிதரிடம்தான் போகிறது. ரயிலில் டிக்கெட் பரிசோதகர், கடையில் பில் போடும் பெண், கொரியர் பையன் எல்லோரும் இந்த வரிசையில் நிற்பவர்கள்.

இரண்டாவது நியாயம்: அவன் போட்ட கண்டிஷனே அநியாயம். அநியாயத்துக்குப் பதில் அநியாயம், கணக்கு சரியாப்போச்சு. இது கொஞ்சம் வலுவான வாதம். ஆனால், ரகசியமாகச் சரிக்கட்டினால் அந்த அநியாயமான வரி புத்தகத்தில் அப்படியே இருக்கும். கீழ் வீட்டுக்காரர் அடுத்த வருஷம் அதில் மாட்டுவார். நான் தப்பித்தேன், அவ்வளவுதான். அதோடு, என்னைப் போன்றவர்கள் சொல்லும் ஒவ்வொரு பொய்யும் அந்தப் புத்தகத்தில் இன்னொரு கடுகு வரியைச் சேர்க்கிறது.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காரில் என்ன கோளாறு என்பது விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. இந்தச் சந்தேகம் முற்றினால் நல்ல கார்களே சந்தைக்கு வராமல் போய்விடும் என்றார். இதற்கு ஒரு மருந்தாக அவர் குறிப்பிட்டவற்றில் உத்தரவாதமும் ஒன்று. 'என் பொருள் மேல் எனக்கே நம்பிக்கை இருக்கிறது, கெட்டுப்போனால் நஷ்டம் என்னுடையது' என்று விற்கிறவன் சொல்வதுதான் அது. என் வீட்டில் அது தலைகீழாகிவிட்டது. யூனிட்டை யார் தொட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது. அந்த இடத்தில் நான்தான் பழைய கார் விற்கிறவன்!

மூன்றாவது நியாயம்: அம்மாவின் உயிர். இதற்கு எதிராக யார் பேச முடியும்? குற்றமில்லாத நன்மை வருமானால் பொய்யையும் உண்மையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று வள்ளுவரே சலுகை கொடுத்திருக்கிறாரே என்றார் ஒரு நண்பர். ஆனால், வள்ளுவர் கொடுத்த சலுகையிலும் கண்டிஷன் இருக்கிறது, கவனியுங்கள். குற்றமில்லாத நன்மையாக இருக்கவேண்டும். அந்த இளைஞரின் கூலியைக் கடித்துக்கொண்டு வரும் நன்மை அதில் சேராது.

இன்னொன்றும் உறைத்தது. அவசரம் என்பது, ராத்திரி பத்து மணிக்கு வெளி ஆளைக் கூப்பிட்டதற்குக் காரணம். மூன்று வாரம் கழித்து, பகல் பதினொரு மணிக்கு, அம்மா மோர் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் சொன்ன பொய்க்கு அது காரணமில்லை. பழைய அவசரத்தை எடுத்துப் புதுப் பொய்க்குப் போர்த்திவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் பக்கம் இருந்த மிகப்பெரிய பலமே அந்த உண்மைதான். 'எண்பது தாண்டிய இதய நோயாளி, மூச்சுத் திணறல். உங்களைத்தான் முதலில் கூப்பிட்டேன், இதோ புகார் எண். நாலு நாள் என்றீர்கள். அதனால் வெளி ஆளைக் கூப்பிட்டேன்.' எந்த மனுஷன் முன்னாலும் தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய வாக்கியங்கள் இவை. பொய் சொன்ன அந்த அரை விநாடியில் இத்தனையையும் நானே தூக்கிக் குப்பையில் போட்டேன். அம்மா குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஜெர்மன் தத்துவ ஞானி கான்ட் 1785-ல் ஒரு உதாரணம் சொன்னார். திருப்பித் தர முடியாது என்று தெரிந்துகொண்டே, 'தருகிறேன்' என்று வாக்குக் கொடுத்துக் கடன் வாங்குகிறான் ஒருவன். எல்லோரும் இதே மாதிரி செய்தால் என்ன ஆகும்? வாக்கு என்ற வார்த்தைக்கே அர்த்தம் போய்விடும், யாரும் யாரையும் நம்பிக் கடன் கொடுக்கமாட்டார்கள் என்றார். இதை நான் கம்பெனி மீது வீசத்தான் தேடி எடுத்தேன். என் மீதும் வந்து விழுந்தது. கடலோரத்தில் உப்புக் காற்று நீங்கலாக வாக்குக் கொடுக்கிறது கம்பெனி. நானோ செலவு வைக்கிற கேள்விகள் நீங்கலாக உண்மை பேசுகிறேன். கண்டக்டரிடமும் கடைக்காரரிடமும் நான் காட்டிய நேர்மைக்கு விலை வெறும் பத்து ரூபாய். ஊட்டி க்ளைமேட்டில் ஓடுகிற நேர்மை அது.

அதற்காக இரண்டு பேரும் ஒன்று, கணக்கு சமம் என்று சொல்லமாட்டேன். அவர்கள் வக்கீல் வைத்து, யோசித்து, அச்சடித்தார்கள். நான் அரை விநாடியில் உளறினேன். விதிமுறையை எழுதுகிற கைக்குத்தான் அதிகப் பொறுப்பு. சட்டமும் இப்போது அதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. வாங்குகிறவருக்குப் பாதகமான, நியாயமில்லாத நிபந்தனையைத் திணித்தால் மாநில நுகர்வோர் ஆணையத்தில் கேள்வி கேட்கலாம். சாதாரணக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையம் போதும். நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஆனால், இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது.

அமெரிக்காவில் 1975-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. வெளி ஆள் தொட்டார் என்ற ஒரே காரணத்துக்காக அங்கே வாரண்டியை ரத்து செய்துவிட முடியாது. அவர் தொட்டதால்தான் கெட்டுப்போனது என்று கம்பெனி காட்டவேண்டும். இங்கே மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய 2022-ல் ஒரு குழு அமைத்தது. நாம் இன்னும் கொஞ்ச தூரம் போகவேண்டியிருக்கிறது.

நான் வழக்குக்குப் போகவில்லை. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி, வெளி ஆள் வந்தது உள்பட. அம்மாவின் மருத்துவச் சீட்டு நகல், புகார் எண், பில் நகல் எல்லாம் இணைத்தேன். வெளி ஆள் தொட்டது நட்டை, ஓட்டை விழுந்தது காயிலின் வளைவில் என்று அந்த இளைஞர் எழுதிய ரிப்போர்ட்டே எனக்குச் சாட்சி. உண்மையை எழுதச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த ரிப்போர்ட்டும் இருந்திருக்காது. கடலுக்கு மூன்று தெரு தள்ளி விற்றுவிட்டுக் கடல் காற்றை விலக்குவது நியாயமா என்றும் கேட்டேன்.

ஒரு மாதம் கழித்து, 'நல்லெண்ண அடிப்படையில்' காயிலை இலவசமாகத் தருவதாகப் பதில் வந்தது. கேஸுக்கும் கூலிக்கும் நான்தான் கொடுக்கவேண்டும். கேள்விக்குப் பதில் இல்லை. கடுகு வரி அப்படியே இருக்கிறது. உண்மை ஜெயித்தது என்று இதை வைத்து நான் கொடி ஏற்றமாட்டேன். காயில் கிடைக்காமலே போயிருக்கலாம். அப்போதும் இதே மாதிரி எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேன் என்று சத்தியம் செய்ய வாய் வரவில்லை.

ஆனால், சில பழக்கங்கள் வந்திருக்கின்றன. பொருள் வாங்கியதுமே பில்லை ஜெராக்ஸ் எடுத்துவிடுகிறேன். வழவழ பேப்பரில் அச்சடித்த பில், நம் ஊர் வெயிலில் ஒரே வருஷத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வைக்கிறேன். கோடைக்கு முன்னால் ஒன்று, மழைக்காலம் முடிந்ததும் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு சர்வீஸ். செய்தவரிடம் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் வாங்கி ஃபைலில் வைக்கிறேன். மின் இணைப்பை அணைத்துவிட்டு வெளி யூனிட்டை நல்ல தண்ணீரில் கழுவி உப்பை இறக்கச் சொல்கிறேன். வாங்குவதற்கு முன்பே, "கடற்கரை வீடு, அரிப்புக்கு வாரண்டி உண்டா? எழுதிக் கொடுங்க" என்று கடையில் கேட்கிறேன். விற்பனைப் பையன் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டுமே! வாரண்டி புத்தகத்தைப் பொருள் கெட்டுப்போன பிறகு படிப்பது, கல்யாணம் முடிந்து ஜாதகம் பார்க்கிற மாதிரி.

இந்த மார்ச் மாதம் கோடைக்கு முந்தைய சர்வீஸுக்கு அதே இளைஞர் வந்தார். அம்மா அடையாளம் கண்டுகொண்டு, கேட்காமலே மோர் கொடுக்கச் சொன்னார். இவர்தான் அன்று ராத்திரி வந்த தம்பி என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரும் மறுப்பதில்லை.

ஸ்டூலில் ஏறினார். "நடுவுல வெளி ஆள் யாராவது கை வெச்சாங்களா சார்?"

"இல்லை தம்பி" என்றேன். இந்த முறை நிஜமாகவே இல்லை.

"சரி சார்" என்றார்.

சொல்லிவிட்டு, டார்ச்சை அடித்து நட்டைப் பார்த்தார்.